பதினைந்து மில்லிமீட்டர்



2025 பிப்ரவரி, ஷஅபான் மாதத்தின் நடுப்பகுதி. அஸர் தொழுதுவிட்டு, விக்கிரவாண்டியில் திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு டயர்க் கடைக்குச் சென்றவன், மஃரிப் பாங்கு கேட்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன். என் பிக்கப் வண்டியின் நான்கு டயர்களும் தேய்ந்துபோயிருந்தன. பழைய அளவிலேயே போடுவதா, ஒரு படி பெரிய அளவில் போடுவதா என்பதுதான் கேள்வி. கேட்பதற்கு அற்பமான விஷயம். ஆயினும் என் கடன், என் ஓட்டுநரின் உயிர், நான் வாடகை வாங்கும் கணக்கு என எல்லாமே அந்தக் கேள்விக்குள் வந்து நின்றன. வண்டி வைத்துப் பிழைக்கும் சகோதரர்கள் நம் மஹல்லாக்களில் பலர் இருக்கிறார்கள். அவர்களில் எவருக்கேனும் பயன்படலாம் என்று எழுதுகிறேன்.

பெரிய டயரின் மீதான ஆசை ஃபெஞ்சல் புயலில் பிறந்தது. 2024 நவம்பர் 30 இரவில் கரையைக் கடந்த அந்தப் புயல், நகர மனமில்லாததைப்போல் நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. சங்கராபரணி பெருகியது, ஏரிகள் வழிந்தன. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் வந்தபோது அரசூர் அருகே நெடுஞ்சாலையே மூழ்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன.

டிசம்பர் 2-ஆம் நாள் எங்கள் பள்ளிவாசல் இளைஞர்கள் ரொட்டி, பால் பொட்டலங்கள், போர்வைகள் ஆகியவற்றைச் சேர்த்து என் வண்டியில் ஏற்றினார்கள். போகவேண்டிய ஊருக்குச் சற்று முன்னே ஒரு சிறுபாலத்தின் மேல் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஓடியது. வண்டியை ஓட்டும் தம்பிக்கு இருபத்தாறு வயது. முதல் கியரில் மெதுவாக இறக்கினார். பாதி தூரத்தில் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. இளைஞர்கள் பொட்டலங்களைத் தலையில் சுமந்து கடந்தார்கள். வண்டியை மாலையில் ஒரு டிராக்டர் கட்டி இழுத்து வந்தது. ஏர் ஃபில்டர் வரை தண்ணீர் ஏறியிருந்தது. வண்டி இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்திருந்தால் கடந்திருக்கலாம் என்னும் எண்ணம் அன்றிரவு முதல் என்னை விடவில்லை.

அந்த ஆசைக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை வெளியே சொல்ல எனக்குச் சற்றே வெட்கம். வட்டிக்கு வண்டி வாங்கக் கூடாது என்பதில் அத்தா உறுதியாக இருந்தார்கள். ஆகவே விலையில் பெரும்பகுதியை என் தங்கையின் கணவர், மச்சான், அழகிய கடனாக (கர்ழன் ஹஸனா) தந்திருந்தார். முறைப்படி எழுதி, இருவர் சாட்சிக் கையெழுத்திட்ட தாள் எங்கள் இருவரிடமும் இருக்கிறது. மிச்சத் தொகையை ரமளானுக்குள் தந்துவிடுவேன் என்பது நான் கொடுத்த வாக்கு. ரமளானுக்கு இரண்டு வாரங்களே இருந்தன. கையில் பாதிப் பணம்கூட இல்லை.

அது நெல் அறுவடைக் காலம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு நாள்தோறும் மூட்டைகள் வந்துகொண்டிருந்தன. என் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட சுமை 1300 கிலோ. 75 கிலோ மூட்டை என்றால் 17 ஏற்றலாம். இதே வண்டியில் 25 மூட்டை ஏற்றுபவர்கள் எங்கள் பகுதியில் உண்டு. அது 1875 கிலோ. நடைக்கு எட்டு மூட்டைக் கூலி அதிகம். பெரிய டயர் போட்டுவிட்டால் வண்டி தாங்கும் என்பது வண்டிகள் நிற்குமிடத்தில் எல்லோரும் சொல்லும் பேச்சு. நானும் ஜனவரியில் நான்கைந்து நடை 22 மூட்டை ஏற்றியிருந்தேன். டயர்கள் அவ்வளவு விரைவில் தேய்ந்ததற்குத் தஞ்சாவூர்ச் சாலைப் பணி ஆண்டுக்கணக்கில் முடியாமல் கிடப்பதையே காரணம் காட்டிவந்தேன். சாலைக்கும் பங்கு உண்டுதான்.

டயர்க் கடைக்காரர் அறுபதை நெருங்கியவர். பஞ்சர் ஒட்டுவதில் தொடங்கி இந்த நிலைக்கு வந்தவர். 215/75 ஆர் 15 என்பது என் வண்டிக்கு உரிய அளவு. 235/75 ஆர் 15 வேண்டும் என்றேன். அவர் உடனே எடுத்துத் தரவில்லை.

"எதுக்கு பாய்?" என்றார்.

"வண்டி உயரமாகணும்ணே. தண்ணியில மாட்டிக்கிட்டேன்."

"போனை எடுங்க. கணக்குப் போட்டுப் பாத்துடுவோம்."

அவர் சொல்லச் சொல்ல நான் கணக்கிட்டேன். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கவாட்டின் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதாவது 381 மில்லிமீட்டர். 215-இல் 75 விழுக்காடு 161 மில்லிமீட்டர் சொச்சம். மேலும் கீழுமாக இரண்டு பங்கு அதைக் கூட்டினால் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். பெரிய டயருக்கு அதே கணக்கு 733. முப்பது மில்லிமீட்டர் வேறுபாடு.

"மூணு சென்டிமீட்டர் உயருதேண்ணே" என்றேன் மகிழ்ச்சியோடு.

"முழு டயர் மூணு சென்டிமீட்டர் உயருது. அச்சு நடுவுலதானே இருக்கு? அதுல பாதிதான் வண்டிக்கு வரும்." தம் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துக் காட்டினார். "இவ்வளவுதான்."

பதினைந்து மில்லிமீட்டர். ஒரு விரல் தடிமன். இரண்டு மாதங்களாக நான் மனத்தில் கட்டிவைத்திருந்த உயரம் அவ்வளவுதான். முழங்காலுக்கு மேல் ஓடிய தண்ணீரில் ஒரு விரல் என்ன செய்துவிடும்? இன்ஜினை நிறுத்தியது காற்றை உறிஞ்சும் குழாய்க்குள் போன நீர்; அந்தக் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும். பிறகு நிதானமாக யோசித்தபோது இன்னொன்றும் உறைத்தது. இரண்டடி ஆழத்தில் ஓடும் நீர் பெரும்பாலான வண்டிகளை நகர்த்திவிடும் என்று வெள்ள எச்சரிக்கைகளில் சொல்வார்கள். அன்று இன்ஜின் நின்றுபோனதும்கூட ஒரு ரஹ்மத்தாக இருந்திருக்கலாம். அகலம் கூடிய டயர் மழைச் சாலையில் தண்ணீரின் மேல் வழுக்கும் வாய்ப்பும் கூடும் என்று கடைக்காரர் சொன்னார்.

அடுத்து, சுமை. கடையின் முன்வரிசையில் 235 அளவில் ஒரு டயர் நின்றது. தடித்த பட்டன்கள், வெள்ளை எழுத்து, பார்த்தாலே வாங்கத் தோன்றும் கம்பீரம். அவர் அதன் பக்கவாட்டில் அளவையடுத்துப் பொறித்திருந்த எண்ணைக் காட்டினார். அது சுமை எண். 100 என்றால் அந்த டயர் 800 கிலோ தாங்கும். 105 என்றால் 925. 110 என்றால் 1060. முழுக் காற்று இருக்கும்போதுதான் அந்தக் கணக்கு. பிறகு என் வண்டியிலிருந்த பழைய டயரின் எண்ணைத் துடைத்துக் காட்டினார். உருவத்தில் சிறிய என் டயர் எட்டுப் பிளை கொண்ட சரக்கு வண்டி டயர். அதன் எண் அதிகம். முன்வரிசையில் நின்ற அழகன் ஜீப்புக்கு உரியவன்; அவன் எண் குறைவு.

"சைஸ் வேற, தாங்குறது வேற பாய். இதைப் போட்டு இருபத்தஞ்சு மூட்டை ஏத்துனீங்கன்னா சித்திரை வெயில்ல வெடிக்கும்."

பெரிய அளவிலேயே சுமை தாங்கும் டயரும் உண்டு, சொன்னால் வரவழைத்துத் தருவேன் என்றும் சொன்னார். விற்க விரும்பாத வியாபாரி அல்லர். ஆனால் அதைப் போட்டாலும் அச்சும், பின்புறப் பட்டைகளும், பிரேக்கும் பழையவைதாமே. சக்கரம் நூற்றுக்கு நான்கு பங்கு பெரிதானால் இழுவை அதே அளவு குறையும். நிறுத்துவதற்கு பிரேக்கும் அதே அளவு கூடுதலாக உழைக்க வேண்டும். ரிம்மின் அகலம் போதாவிட்டால் டயர் நடுவில் புடைத்து நடுப்பட்டன் மட்டும் தேயும். சுமையோடு பள்ளத்தில் இறங்கித் திரும்பும்போது மட்கார்டில் உரசும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட 194-ஆம் பிரிவின்படி அதிகச் சுமைக்குத் தண்டம் 20,000 ரூபாய். கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. எட்டு மூட்டைக் கூலியோடு இதை வைத்துப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்நேரம் தண்டம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பிடிபடாமல் ஓட்டுபவர்களைத்தானே தினமும் பார்க்கிறோம்.

என்னை நிறுத்தியது ஓட்டுநர் தம்பி. வண்டியின் அருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைக்காரர் உள்ளே போனதும் மெல்லச் சொன்னார்: "பாய், இருபத்திரண்டு மூட்டை ஏத்துன அன்னைக்கு, பனையபுரம் கிட்ட ஒரு பைக்காரர் குறுக்க வந்துட்டாரு. பின்னால ஒரு சின்னப் புள்ளை உக்காந்திருந்துச்சு. நான் பிரேக் மேல ஏறி நின்னேன். ஒரு சாண் இடைவெளியில நின்னுச்சு."

"ஏன் தம்பி அப்பவே சொல்லல?"

"வேலைக்கு பயப்படறேன்னு நினைச்சிடுவீங்களோன்னுதான்."

இதைக் கேட்டபின் நான் சிறிது நேரம் பேசவில்லை. மூன்று வாரங்களாக அந்தத் தம்பி ஒரு குழந்தையின் முகத்தைச் சுமந்துகொண்டு என் வண்டியை ஓட்டியிருக்கிறார். டயரின் சுமை எண்ணைப் பொறித்து வைத்திருக்கிறார்கள், குனிந்தால் படிக்கலாம். அவர் எவ்வளவு தாங்குவார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அன்சாரி ஒருவரின் தோட்டத்துக்குள் நுழைந்தபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டது. நபியவர்கள் அதைத் தடவி அமைதிப்படுத்திவிட்டு, அதன் உரிமையாளரை வரவழைத்தார்கள். நீர் இதைப் பட்டினி போடுகிறீர், ஓயாமல் வேலை வாங்குகிறீர் என்று இது முறையிடுகிறது எனக் கண்டித்தார்கள். ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்ட செய்தி. கேட்கும்போதெல்லாம் அந்த உரிமையாளரை நான் எங்கோ ஒரு கல்நெஞ்சனாகவே கற்பனை செய்திருக்கிறேன். அவருக்கும் ஒரு கடனும் ஒரு தவணையும் இருந்திருக்குமோ என்று அன்றுதான் தோன்றியது.

இடையில் இன்னொரு கணக்கும் கிடைத்தது. இது என்னை இன்றுவரை யோசிக்கவைக்கிறது. வண்டியின் மீட்டர் சக்கரத்தின் சுற்றை எண்ணித்தான் கிலோமீட்டரைக் காட்டுகிறது. சக்கரத்தின் அளவு அதற்குத் தெரியாது. பெரிய டயர் போட்டால் 100 கிலோமீட்டர் ஓடினாலும் மீட்டர் 96 என்றே காட்டும். மீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி முன்பைவிட இரண்டரை கிலோமீட்டர் கூடுதலான வேகத்தில் போகும். நெல் மூட்டைக்குக் கூலி மூட்டைக் கணக்கில். மற்ற வாடகைகள் எனக்குக் கிலோமீட்டர் கணக்கில்தான். ஆக நட்டம் எனக்குத்தான், வாடிக்கையாளருக்கு இல்லை என்று முதலில் ஆறுதல் கொண்டேன். கடைக்காரர் சிரித்தார். "அப்போ தேஞ்ச டயருக்கு?" என்றார்.

புதிய டயரின் பட்டன் ஆழம் எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் இருக்கும். சட்டம் அனுமதிக்கும் கடைசி ஆழம் 1.6 மில்லிமீட்டர். அவ்வளவு தேய்ந்தபின் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர், அதாவது நூற்றுக்கு இரண்டு பங்கு சுருங்கிவிடுகிறது. புதிய டயரில் 100 என்று காட்டிய அதே தூரத்துக்கு மீட்டர் 102 என்று காட்டும். அந்த இரண்டு கிலோமீட்டருக்கும் சேர்த்துத்தான் சில மாதங்களாக வாடகை வாங்கியிருக்கிறேன். அளவில் குறை செய்வோரைப் பெயரிலேயே சுட்டும் ஒரு சூரா, அல்முதஃப்பிஃபீன், நமக்கு இருக்கிறது. தராசும் படியும் வைத்திருப்பவர்களுக்கு உரியது என்றே அதை ஓதிவந்தேன். என் தராசு டாஷ்போர்டுக்குள் இருந்திருக்கிறது.

மஃரிபுக்குப் பின் இமாம் அவர்களிடம் இதைக் கேட்டேன். முதலில் கேள்வியின் விந்தையை ரசித்துப் புன்னகைத்தார். பின்னர், யாராலும் தவிர்க்க முடியாத சிறு ஏற்றத்தாழ்வை ஃபிக்ஹு பொறுத்துக்கொள்கிறது, அதை எண்ணி மருளாதீர் என்றார். அளவு மாறும் என்று அறிந்தே ஒன்றைப் பொருத்திவிட்டுச் சொல்லாமல் இருப்பது அந்தப் பொறுப்பில் சேராது என்றும் சொன்னார். நாளை வண்டியை விற்கும்போது என்ன செய்வீர் என்று கேட்டார். பெரிய டயரில் மீட்டர் 40,000 காட்டினால் வண்டி உண்மையில் ஓடியிருப்பது 41,700. வாங்குபவர் எண்ணைப் பார்த்துத்தான் விலை பேசுவார். தானியக் குவியலுக்குள் நபியவர்கள் (ஸல்) கைவிட்டபோது அடியில் ஈரம் தட்டுப்பட்டதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருவதை அவர் நினைவூட்டினார். விற்பனைக்கூடத்துக்கு நெல் கொண்டுபோகும் எனக்கு அந்த ஈரத்தைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மச்சானுக்குப் போன் போடு" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. மூன்று நாளாக நான் தள்ளிப்போட்டுவந்த அழைப்பு அது. வாக்களித்த நாளில் தர முடியாது என்று ஒருவரிடம் சொல்வதைவிட எட்டு மூட்டை கூடுதலாக ஏற்றுவது எளிதாகத் தோன்றியதே, அதுதான் என் பிழை என்று போனைக் கையில் எடுத்தபோது புரிந்தது.

"மச்சான், ரமளானுக்குள்ள முடியாது போலிருக்கு."

சிறிது மௌனம். பிறகு, "எப்ப முடியும்?"

"துல்ஹஜ்ஜுக்குள்ள இன்ஷா அல்லாஹ். நடுவுல மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா தந்துடறேன்."

"சரி. அந்தத் தாளை எடுத்துக்கிட்டு வெள்ளிக்கிழமை வாங்க. தேதியைத் திருத்தி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கலாம். சாட்சிங்களையும் கூப்பிட்டுக்கலாம்." சற்று நிறுத்தி, "முன்னாடியே சொன்னீங்களே, அதுவே போதும். நானும் ஒருத்தருக்குத் தேதி சொல்லியிருக்கேன், அவர்கிட்ட பேசிக்கிறேன்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. கால அவகாசம் தருபவர் அதை எங்கிருந்தோ எடுத்துத்தான் தருகிறார்.

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் கடை திறக்கும் நேரத்துக்கே வண்டி போய் நின்றது. பழைய அளவிலேயே, 215/75 ஆர் 15, எட்டுப் பிளை, நான்கு டயர்கள். வாங்குமுன் உற்பத்தித் தேதியைப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. புதிது என்று சொல்லி மூன்று வருடம் கிடங்கில் கிடந்ததை விற்பவர்களும் உண்டு. ஆகவே சகோதரர்கள் இதை மட்டும் கட்டாயம் பாருங்கள். எனக்கு வந்தவற்றில் ஒன்றில் 4824 என்றிருந்தது. 2024-ஆம் ஆண்டின் 48-ஆம் வாரம். புயல் வந்த அதே வாரம்.

வீல் அலைன்மென்ட் முடிந்ததும் மீட்டர் எண்ணை நோட்டில் குறித்து, பக்கத்தில் 'புது டயர்' என்று எழுதிவைத்தேன். வண்டி அங்கிருந்து நேராக அறுவடைக் களத்துக்குப் போனது. விவசாயி பதினெட்டாவது மூட்டையைத் தூக்கி வந்தபோது, ஓட்டுநர் தம்பி என் முகத்தைப் பார்க்காமலேயே பின்கதவைச் சாத்தினார்.

"அது அடுத்த நடைக்குண்ணே" என்றார்.